லோவர் ஆம் மினுங்குது, புஷ் கிழிஞ்சு கிடக்குது

கார் மொடிஃபை பண்ணுறதைப் பற்றி எங்கட ஆக்களிட்ட இரண்டே இரண்டு கருத்துத்தான் இருக்கு. வீட்டில பெரியாக்களைக் கேட்டால் "காசைக் கரியாக்குற வேலை" எண்டு சொல்லுவினம். பெடியளைக் கேட்டால் "சாமானைப் போட்டுப் பார், கார் ரோட்டில ஒட்டிக்கொண்டு போகும்" எண்டு சொல்லுவாங்கள். எங்களுக்கு இரண்டிலயும் உடன்பாடில்லை. ஒரு வாகனத்தைக் கழற்றி, விளங்கி, முந்தினதை விடத் திறமாய்ப் பூட்டுறது ஒரு கைத்தொழில். அதை நாங்கள் மதிக்கிறம். ஆனால் இப்ப கன கராஜில நடக்கிறது அந்த வேலை இல்லை. பின்பக்கத்துக்கு நிறம் பூசுற வேலை.

உதாரணத்துக்கு ஹொண்டா சிவிக் ஈகே-யை எடுப்பம். 1995இல ஜப்பானில வந்த ஆறாம் தலைமுறை சிவிக் அது. 1997இல வந்த டைப் ஆர், 1.6 லீற்றர் எஞ்சினில 185 குதிரைவலு தந்தது. அந்தப் பெயரின்ர மயக்கத்தில சாதாரண ஈகே வைச்சிருக்கிற பெடியளும் அதை டைப் ஆர் ஆக்கப் பார்க்கிறது எங்களுக்கு விளங்குது. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிறுத்தினாங்கள். தனியார் கார்களுக்குத் திரும்பக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில. இடையில போன ஐந்து வருசத்தில பழைய கார் ஒன்றும் வீட்டை விட்டுப் போகேல்லை, விலைதான் ஏறிச்சு. அதால இண்டைக்கு எங்கட ரோட்டில ஓடுற ஈகே ஒவ்வொன்றும் குறைஞ்சது கால் நூற்றாண்டுக் கிழடு. இதை மறந்துபோட்டுத்தான் நாங்கள் "அப்கிரேட்" பற்றிக் கதைக்கிறம்.

இந்தக் காரின்ர பின்சில்லு ஒவ்வொன்றையும் ட்ரெய்லிங் ஆம் எண்ட நீளமான இரும்புக் கை ஒன்று பிடிச்சுக்கொண்டிருக்கு. அதோட மேல ஒரு ஆம், கீழ லோவர் ஆம், முன்னுக்கு ஒரு சின்ன ஆம். ட்ரெய்லிங் ஆம் பொடியோட சேருற இடத்தில உள்ளங்கை அளவில ஒரு ரப்பர் புஷ் இருக்கு. இந்தக் காரில முதல்ல சாகிற சாமான்களில அதுவும் ஒன்று. ரப்பர் வெடிச்சுக் கிழிஞ்சால், பிரேக் அடிக்கேக்க சில்லு தன்ர பாட்டில திசை மாறும். வளைவில பின்பக்கம் ஒருக்கா ஆடி நிக்கும். குழியில விழேக்க "டக்" எண்டு சத்தம் கேட்கும்.

அந்த ரப்பர் கிழிஞ்சு கிடக்கேக்க எங்கட ஆக்கள் முதல்ல வாங்குறது என்ன? சிவப்பு, நீலம், ஊதா நிறத்தில மினுங்குற அலுமினிய லோவர் ஆம். காருக்குப் பின்னால வாறவனுக்கும் தெரியும், படத்திலயும் வடிவாய் விழும். ஆனால் கொம்பனி பூட்டின இரும்பு ஆம் சும்மா வளையிற சாமான் இல்லை. அதைக் கழற்றிப்போட்டு அலுமினியம் பூட்டினால் கொஞ்சம் பாரம் குறையும், புது புஷ் கிடைக்கும், அவ்வளவுதான். அந்தப் புது புஷ் பழைய ஆமுக்கும் அடிக்கலாம். இன்னொன்று: இந்தக் காரில பின் சொக்கின்ர அடி லோவர் ஆமிலதான் பூட்டியிருக்கு. பின்பக்கத்துப் பாரமும் குழியில விழுற அடியும் அந்த ஆமுக்குள்ளாலதான் போகுது. நல்ல கொம்பனியின்ர பெயரை அடிச்சு, தரமில்லாத வார்ப்பில செய்த கொப்பிச் சாமான் மலிவாய்க் கிடைக்குது எண்டு அதை அந்த இடத்தில பூட்டுறது, கிணத்துக் கயிறுக்குப் பதிலாய் பரிசுப் பொதி ரிபன் கட்டுற மாதிரி.

அடுத்தது ஸ்டெபிலைசர் பார். இது உண்மையிலேயே வேலை செய்யிற சாமான், அதாலதான் கூடுதல் கவனம் வேணும். முன்சில்லு இழுக்கிற காரை, வேகமாய்த் திருப்பினால் மூக்கு வெளியால போற மாதிரித்தான் தொழிற்சாலையிலேயே அமைக்கிறாங்கள். பயந்தவன் காலை எடுத்தாலும் கார் நேராகும், அதுதான் காரணம். பின்னுக்குத் தடிச்ச பார் போட்டால், வளைவில பின் வெளிச்சில்லில பாரம் கூடுது, பின்பக்கப் பிடி மொத்தத்தில குறையுது. மூக்கு உடன திரும்பும், ஓட்டவும் சந்தோசமாய் இருக்கும். பந்தயத் திடலில இது வரம். மழை பெய்த ரோட்டில, வளைவின்ர நடுவில மாடு ஒன்று நிக்கிறதைக் கண்டு காலைச் சட்டெண்டு எடுத்தால், பாரம் முன்னுக்குப் போய் பின்பக்கம் இலேசாகி, வால் சுத்தி வரும். அந்த நேரம் பழக்கமில்லாத கால் பிரேக்கைத்தான் தேடும். அது இன்னும் மோசமாக்கும்.

தடிப்பு விசயத்திலயும் எங்கட ஆக்கள் ஏமாறுறாங்கள். பாரின்ர விறைப்பு விட்டத்தின்ர நாலாம் அடுக்கில கூடும். 22 மில்லிமீற்றரில இருந்து 24க்குப் போறது இரண்டே மில்லிமீற்றர்தானே எண்டு நினைப்பம். உள்ளுக்குக் கோறை இல்லாத பார் எண்டால் அது கிட்டத்தட்ட 40 வீதம் கூடுதல் விறைப்பு. இவ்வளவு இழுவையையும் தாங்குறது பின்பக்கத்து மெல்லிய தகடு. அதுக்குப் பலம் குடுக்கிற பட்டை போடாமல் தடிச்ச பார் பூட்டினால் அந்தத் தகடு கிழியிறது இந்த மொடல் கார்களில உலகம் முழுக்கத் தெரிஞ்ச பிரச்சினை. பார் விற்கிற கடையில இதை ஆரும் சொல்லுறாங்களோ?

ஸ்பிரிங் வெட்டுற கதைக்கும் வருவம். ஆறு சுற்று வேலை செய்யிற ஸ்பிரிங்கில ஒன்றை வெட்டினால் அது 20 வீதம் விறைக்கும். கார் பதியும், ஆனால் சொக் பழைய ஸ்பிரிங்குக்குச் செய்தது, அதால அடக்கேலாது. கார் துள்ளும். வெட்டின நுனி தட்டில ஒழுங்காய் இருக்காது. சில்லு தொங்குற நேரம் ஸ்பிரிங் விலகவும் கூடும். நெருப்பில சுட்டு இறக்கிறது அதை விடக் கேடு, இரும்பின்ர பதமே போயிடும். காரைப் பதிச்ச பிறகு சில்லு சரியும், திசையும் மாறும். அதைத் திருத்தாமல் ஓடினால் ரயரின்ர உள்பக்கம் கம்பி தெரியிற அளவுக்குத் தேயும். வெளியில இருந்து பார்த்தால் புது ரயர் மாதிரியே இருக்கும்.

இதெல்லாத்தையும் சொல்லிப்போட்டு "ஒண்டும் செய்யாதேங்கோ" எண்டு நாங்கள் முடிக்கப் போறேல்லை. செய்யுங்கோ, வரிசையை மாத்திச் செய்யுங்கோ. முதல்ல நல்ல ரயர் நாலு. பிறகு புஷ் முழுக்க. ட்ரெய்லிங் ஆமுக்கு பொலியூரித்தேன் புஷ் விறைப்பாய் இருக்கும் எண்டு ஆசைப்படாதேங்கோ. அந்த ஆம் மேல கீழ மட்டுமில்லாமல் பக்கவாட்டிலயும் அசையுறதால அது இறுகிப் பிடிக்கும், கொம்பனி ரப்பர் அல்லது கொஞ்சம் கடினமான ரப்பர்தான் நல்லது. பிறகு ஸ்பிரிங்குக்குப் பொருந்தின சொக். பிறகு நாலு சில்லுக்கும் அலைன்மென்ட், முன்னுக்கு மட்டும் பார்த்து அனுப்பினால் காசு குடுக்காதேங்கோ. இவ்வளவும் முடிஞ்சு, உங்களுக்கு இன்னும் பார் வேணும் எண்டு பட்டால், பட்டையோட சேர்த்துப் பூட்டுங்கோ. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அந்தக் கட்டம் வரவே வராது எண்டு நாங்கள் நம்புறம். ஏனெண்டால் புஷ்ஷும் சொக்கும் புதுசான ஈகே, அவை இதுவரை ஓட்டிப் பார்க்காத கார்.

இதில வெட்கப்பட ஒண்டுமில்லை. பஞ்சிகாவத்தையில தேடி எடுத்த பழைய கொம்பனி ஆமுக்குப் புது ரப்பர் அடிச்சுப் பூட்டினவனை விட, பெட்டியோட மினுங்கல் சாமான் வாங்கினவன் கெட்டிக்காரன் எண்டு ஆர் சொன்னது? கிளிநொச்சி அறிவியல் நகரில ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கு, அங்க வாகனத் தொழில் படிச்சு வாற பெடியள் இருக்கிறாங்கள். அவையளிட்ட "என்ன பூட்டலாம்?" எண்டு கேட்கிறதுக்கு முதல் "என்ன தேய்ஞ்சிருக்கு?" எண்டு கேளுங்கோ. அந்த ஒரு கேள்வி போதும், கராஜின்ர தரமும் விளங்கும், உங்கட காரின்ர நிலையும் விளங்கும்.

2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில கார் ஒன்று பார்வையாளருக்குள்ள போய் ஏழு பேர் செத்துப்போச்சினம். அது பந்தயத்துக்கெண்டே ஒதுக்கின இடம், கொடி பிடிக்கிறவை நிண்ட இடம். ஏ9 வீதியில கொடி பிடிக்க ஒருத்தரும் இல்லை. சைக்கிளில பள்ளிக்கூடம் போற பிள்ளை இருக்கு, லைட் இல்லாத லாண்ட்மாஸ்டர் இருக்கு, ரோட்டில நெல் காயுது. ஊருக்கு வெளியில மணிக்கு 70, ஊருக்குள்ள 50 எண்டு சட்டம் சொல்லுற ரோட்டில, பந்தயத் திடலுக்கெண்டு இறுக்கின வாலைக் கொண்டு நாங்கள் ஆரை வெல்லப் போறம்?

பின் சஸ்பென்ஷனுக்கு மேலதான் பின்சீற் இருக்கு. அதில இருக்கிறது எங்கட தங்கச்சி, எங்கட சிநேகிதர். லோவர் ஆம் என்ன நிறம் எண்டு அவைக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வளைவில கார் சொன்ன சொல்லுக் கேட்டால் போதும்.