வாட்டின் நிழலில் மறைந்தவர்

நீராவி எந்திரம் என்றதும் வகுப்பறைகளில் ஜேம்ஸ் வாட்டின் பெயரே ஒலிக்கிறது. அவர் பெருமையைக் குறைப்பதற்கில்லை. ஆயினும், லீட்ஸ் நகரில் நூற்பாலைகளுக்கு எந்திரம் செய்தளித்த மாத்யூ மர்ரேயை (1765-1826) மறப்பது முறையன்று.

ஜான் மார்ஷலின் ஆளிநார் நூற்பாலையில் பணியாற்றிய மர்ரே, பின்னர்க் கூட்டாளிகளுடன் சொந்தப் பட்டறை கண்டார். சுழற்சி தடுமாறினால் இழை அறுமென்பதை ஆலையில் கண்டறிந்தவர் அவர். உருளைக்குள் ஆவியை முறைமாற்றிச் செலுத்தும் நழுவு வால்வின் தளம் சிறிது கோணினாலும் ஆவி கசியும். அதனைத் தட்டையாக்க இழைப்புப் பொறியொன்றைத் தாமே அமைத்தார். காப்புரிமை கோராது, இரகசியமாகவே வைத்திருந்தார்.

1799-இல் போல்டன்-வாட் நிறுவனத்தின் வில்லியம் மர்டாக் லீட்ஸுக்கு வந்தபோது, மர்ரே பட்டறையைத் திறந்து காட்டினார். பதிலுக்கு மர்ரே சென்றபோதோ, சோஹோ பட்டறையின் கதவு அடைபட்டது! மர்ரேயின் தொழிற்கூடம் விரிவடையாதிருக்க, அதனையடுத்த நிலத்தையும் அந்நிறுவனம் வாங்கிப்போட்டது. இதனினும் சிறந்த நற்சான்று வேறு யார் தருவர்?

கரும்பலகையில் உருளையும் உந்துதண்டும் வரையும் ஆசிரியர், அந்த வால்வையும் வரைந்து, அதன் தளம் எவ்வாறு தட்டையாயிற்று என்று மாணவரை வினவுதல் நன்று.