விளையாட்டுக்கு மாத வாடகை! கட்டாவிட்டால் பூட்டு!

சைக்கிளை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த காலம் உண்டு. வீடியோ டெக்கும் கேசட்டும் வாடகைக்கு வாங்கி, தெருவே கூடி விடிய விடிய படம் பார்த்த காலமும் உண்டு. இப்போது வீடியோ கேமுக்கும் மாத வாடகை வந்து விட்டது!

டி.வி.யில் மாட்டி ஆடும் கேம் பெட்டி சென்னையில் நடுத்தர வீடுகளுக்கும் வந்து விட்டது. பெட்டியை வாங்கிக் கொடுத்ததோடு செலவு தீர்ந்தது என்று அப்பா நினைக்கிறார். ஒரு வாரம் கூட ஆகாது. பையன் பக்கத்தில் வந்து நிற்கிறான்.

"மாசம் ஐநூறு ரூபாதாம்ப்பா!"

"எதுக்குடா?"

"சந்தா கட்டினாத்தாம்ப்பா ஃபிரண்ட்ஸோட சேர்ந்து ஆட முடியும்."

அப்பாவுக்குப் பாதி புரிகிறது. பாதி புரியவில்லை. தொல்லை விட்டால் போதும் என்று கார்டு நம்பரைக் கொடுத்து விடுகிறார். அதோடு மறந்தும் விடுகிறார். கம்பெனிக்காரன் மறப்பதில்லை!

சோனியின் "பிளேஸ்டேஷன் பிளஸ்", மைக்ரோசாஃப்டின் "கேம் பாஸ்" - இந்த இரண்டில் எது மேல் என்று பையன்கள் சண்டை போடுகிறார்கள். ரஜினி - கமல் சண்டை தோற்றது போங்கள்! ஆனால் கட்டுகிற காசுக்கு மாதம் எத்தனை மணி நேரம் ஆடுகிறோம் என்று கணக்குப் பார்க்கிற பையனைக் காணோம்.

சோனி கணக்கு

சோனி 2022 ஜூனில் இந்தியாவில் சந்தாவை மூன்று வகுப்பாகப் பிரித்தது. "எசென்ஷியல்" மாதம் ரூ.499. "எக்ஸ்ட்ரா" ரூ.749. "டீலக்ஸ்" ரூ.849.

முதல் வகுப்பில் என்ன கிடைக்கும்? நண்பர்களோடு ஆன்லைனில் ஆடும் அனுமதி. கூடவே மாதம் சில ஆட்டங்கள் "இலவசம்".

இந்த "இலவசம்" என்ற சொல்லில்தான் பொடி இருக்கிறது. சந்தா கட்டுகிற வரை ஆடலாம். கட்டுவதை நிறுத்தினால் பெட்டிக்குள் இருக்கும் ஆட்டம் திறக்காது. மறுபடி கட்டினால் திறக்கும். இரண்டு வருஷம் சேர்த்து வைத்த நாற்பது ஐம்பது ஆட்டங்களும் ஒரே நாளில் பூட்டிக் கொள்ளும்.

ஆன்லைன் அனுமதியும் ஒரு சுங்கச்சாவடிதான். முந்தைய பிளேஸ்டேஷன் 3 பெட்டியில் நண்பர்களோடு ஆட சோனி காசு கேட்கவில்லை. 2013-ல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோதுதான் வாசலில் உண்டியல் வைத்தார்கள். ஆட்டம் சொந்தக் காசில் வாங்கியது, இன்டர்நெட் பில் சொந்தக் காசில் கட்டுவது. அப்படியும் வாசல் கட்டணம் தனி!

இதில் பல அப்பாக்களுக்குத் தெரியாத சேதி ஒன்று உண்டு. "ஃபோர்ட்நைட்" போல இலவசமாகவே கிடைக்கும் ஆட்டங்களை சோனி பெட்டியில் ஆன்லைனில் ஆட சந்தா தேவையே இல்லை. மைக்ரோசாஃப்ட் பெட்டியிலும் 2021 ஏப்ரல் முதல் தேவையில்லை. பையன் ராத்திரி பகலாக ஆடுவது ஃபோர்ட்நைட் மட்டும்தான் என்றால், கட்டுகிற சந்தா அத்தனையும் தண்டம்!

இரண்டாம் வகுப்பில் பெரிய ஆட்ட நூலகமே கிடைக்கும். நல்ல சரக்குதான். ஆனால் புதுப்படம் ஓடாது. சோனி தன் சொந்தப் பெரிய ஆட்டங்களை வெளியான அன்றே சந்தாவில் சேர்ப்பதில்லை. "காட் ஆஃப் வார் ராக்னராக்" கடைக்கு வந்தது 2022 நவம்பரில். சந்தாக்காரர்களுக்குக் கிடைத்தது 2025 ஜனவரியில். பொறுமைசாலிகளுக்கு ஏற்ற வகுப்பு!

மைக்ரோசாஃப்ட் வீட்டுக்காரர்

கேம் பாஸ் பிறந்தது 2017 ஜூனில். மறு வருஷமே, "எங்கள் சொந்த ஆட்டங்கள் வெளியாகும் அன்றே சந்தாவில் வரும்" என்று அறிவித்து மைக்ரோசாஃப்ட் ஊரைக் கலக்கியது. 2023-ல் "ஸ்டார்ஃபீல்ட்" அப்படித்தான் வந்தது. 2024 அக்டோபரில் "கால் ஆஃப் டியூட்டி" வரிசையின் புது ஆட்டமும் முதல் நாளே வந்தது. கடையில் நாலாயிரம், ஐந்தாயிரம் என்று விற்கிற சரக்கு சந்தாவிலேயே கிடைத்தால் யார் விடுவார்?

குடி வைத்த பிறகுதான் வீட்டுக்காரர் வேலையைக் காட்டினார்.

இந்தியாவில் உயர்ந்த வகுப்பான "அல்டிமேட்" 2023-ல் மாதம் ரூ.549. 2024-ல் ரூ.829. 2025 அக்டோபரில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ரூ.1,389! இரண்டு வருஷத்தில் இரண்டரை மடங்கு. திருவல்லிக்கேணி மேன்ஷன் ரூமுக்குக் கூட இப்படி வாடகை ஏறியதில்லை.

கேட்டால், "கூடுதலாக யூபிசாஃப்ட் கம்பெனி ஆட்டங்களும் தருகிறோம், ஃபோர்ட்நைட் சந்தாவும் தருகிறோம்" என்றார்கள். குடித்தனக்காரர் கேட்காமலே மொட்டை மாடியில் ஷெட் போட்டு, அதற்கும் சேர்த்து வாடகை வாங்குகிற சாமர்த்தியம்! அதே சமயம் ரூ.499, ரூ.699 என்று கீழ் வகுப்புகளும் வைத்தார்கள். ஆனால் "கால் ஆஃப் டியூட்டி முதல் நாளே" என்ற சலுகையை அந்த வகுப்புகளுக்குத் தரவில்லை.

ரூ.1,389 வீதம் வருஷத்துக்கு ரூ.16,668. அந்தக் காசில் ரூ.4,999 விலையுள்ள புத்தம் புது ஆட்டம் மூன்று வாங்கலாம். கையில் ரூ.1,671 மிச்சமும் இருக்கும். அந்த மூன்றும் சொந்தம். டிஸ்க்காக வாங்கியிருந்தால் ஆடி முடித்துப் பாதி விலைக்காவது தள்ளி விடலாம். வருஷத்தில் பத்துப் பதினைந்து புது ஆட்டங்களை முடிக்கிற கில்லாடிக்கு கேம் பாஸ் லாபம்தான். ஸ்கூலுக்கும் டியூஷனுக்கும் ஓடுகிற பையனால் எத்தனை முடிக்க முடியும்?

வாடகைக்கு எடுத்த ஆட்டம் நிரந்தரமும் இல்லை. திருடர் கதையான "கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5" கேம் பாஸில் 2020 ஜனவரியில் நுழைந்தது. மே மாதம் வெளியேறியது. 2021 ஏப்ரலில் மறுபடி நுழைந்தது. ஆகஸ்டில் மறுபடி கம்பி நீட்டியது. பரோலில் வந்து போகிற கைதி கூட இதைவிட ஒழுங்காகத் தகவல் சொல்லி விட்டுப் போவான்!

நின்டெண்டோ கம்பெனிக்கும் சந்தா உண்டு. 2018-ல் அமெரிக்காவில் வருஷத்துக்கே 20 டாலர் என்று வந்தது. குடும்பச் சந்தா 35 டாலர், 8 பேர் வரை பங்கு போடலாம். மூன்றில் நியாயமான வாடகை இதுதான். ஆனால் இந்தியாவில் அந்தக் கம்பெனிக்கு நேரடி வியாபாரம் இல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிற பெட்டியை வாங்கி, வெளிநாட்டுக் கணக்கில் ஆட வேண்டும்.

துளை இல்லாத பெட்டி

எல்லாவற்றையும் விடப் பெரிய பொறி பெட்டி வாங்கும்போதே வைக்கப்படுகிறது. பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது டிஸ்க் போடும் பெட்டி ரூ.49,990. டிஸ்க் துளை இல்லாதது ரூ.39,990. மைக்ரோசாஃப்டின் சின்னப் பெட்டி "சீரிஸ் எஸ்" 2020-ல் ரூ.34,990. அதிலும் துளை கிடையாது.

பத்தாயிரம் மிச்சம் என்று துள்ளிக் குதித்து துளை இல்லாததை வாங்கி வந்தவர் கதி என்ன? ரிச்சி தெருவில் பழைய டிஸ்க் மலிவாகக் கிடைத்தாலும் செருக வழியில்லை. பர்மா பஜாரில் மாற்றிக் கொள்ளவும் முடியாது. அடுத்த வீட்டுப் பையனிடம் இரவல் வாங்கவும் முடியாது. கம்பெனி சொல்வதுதான் விலை. விலை கட்டாதவர் கடைசியில் சந்தாவுக்குத்தான் வந்தாக வேண்டும். பத்தாயிரம் கூடக் கொடுத்தாலும் துளை உள்ள பெட்டியே வாங்க வேண்டும்.

சரி, வாடகை வாங்குகிறவர்கள் வீட்டையாவது ஒழுங்காக வைத்திருக்கிறார்களா? 2025 பிப்ரவரியில் சோனியின் ஆன்லைன் சேவை ஏறக்குறைய 24 மணி நேரம் படுத்து விட்டது. உலகம் பூராவும் பையன்கள் கண்ட்ரோலரைக் கையில் வைத்துக் கொண்டு விழித்தார்கள். ஐந்து நாள் சந்தா கூடுதலாகக் கொடுத்து கம்பெனி சமாளித்தது.

ஆடாதவரிடமும் வசூல்!

சந்தா தானாகவே புதுப்பித்துக் கொள்ளும். பையன் பிளஸ் டூ வந்து பெட்டியைப் பரணில் போட்டாலும் பணம் போய்க் கொண்டே இருக்கும். பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே பேங்க் தகவல் சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. தகவலும் வருகிறது. லோன் வேண்டுமா, பிளாட் வேண்டுமா என்று வருகிற நூறு மெசேஜோடு அதுவும் ஒன்றாகக் கிடக்கிறது. ரூ.15,000 வரை ஓ.டி.பி. கூடக் கேட்காமல் எடுக்கலாம். 2023 செப்டம்பரில் சோனி ரூ.6,699 ஆக உயர்த்திய எக்ஸ்ட்ரா வகுப்பின் வருஷச் சந்தா மொத்தமும் இதற்குள் அடங்கி விடுகிறது!

இங்கிலாந்தில் இந்த வேலைக்குக் கடிவாளம் போட்டார்கள். அங்குள்ள போட்டி மற்றும் சந்தை ஆணையம் 2019-ல் மூன்று கம்பெனிகளையும் பிடித்து விசாரித்தது. ரொம்ப நாளாக ஆடாமலே பணம் கட்டுகிறவர்களுக்குத் தகவல் சொல்வது, அப்படியும் ஆடாவிட்டால் வசூலை நிறுத்துவது என்று 2022 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஒப்புக் கொண்டது. ஏப்ரலில் சோனியும் அதே வழிக்கு வந்தது. நின்டெண்டோ, தானாகப் புதுப்பிப்பதை இயல்பான தேர்வாக வைத்து சந்தா விற்பதை நிறுத்தியது.

லண்டன் பையனுக்கு ஒரு நியாயம், சைதாப்பேட்டை பையனுக்கு ஒரு நியாயமா? "சந்தாப் பொறி" என்பதை ஏமாற்று வேலைகளின் பட்டியலில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் சேர்த்தது. சந்தாவை நிறுத்த விடாமல் இழுத்தடித்தால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். ஆனால் ஆடாதவரிடம் வசூலிக்கக் கூடாது என்று ஒரு வரி அதில் இல்லை. அந்த வரியைச் சேர்க்க வேண்டியது ஆணையத்தின் வேலை.

அது வருகிற வரை அப்பாக்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கார்டு நம்பரையே கொடுக்காமல் முன்பணக் கோடு வாங்கிக் கொடுக்கலாம். கோடை லீவு விட்டதும் ஒரே ஒரு மாதம் பெரிய வகுப்பு. கட்டிய அன்றே தானாகப் புதுப்பிப்பதை நிறுத்தி விடலாம். நிறுத்தினாலும் கட்டிய மாதம் முடியும் வரை ஆட்டம் ஓடும். "நிறுத்தினா உடனே போயிடும்ப்பா" என்று பையன் சொன்னால் நம்ப வேண்டாம்!