பாலிமருக்கும் நினைவுண்டு

பிளாஸ்டிக் என்பது கம்பிக்கு மேலுறை, சில்லுக்குக் கூடு, அதற்கு மேல் மின்னணுவியலில் அதற்கு வேலையில்லை, தரவைச் சேமிப்பது சிலிக்கானுக்கே உரிய பணி என்னும் நம்பிக்கை, சில்லு ஆலைகளைப் பற்றிய பேச்சு பெருகிவிட்ட இந்நாள்களில் மேடைக்கு மேடை முழங்கப்படுகிறது. பொறியியல் கற்பிப்போரே இதைச் சொல்லும்போது அது மாணவரின் கண்ணைக் கட்டும் செயலாகிறது.

இந்நம்பிக்கையைத் தகர்க்கப் பாலிவினைலிடீன் ஃபுளூரைடு என்னும் ஒரே பாலிமர் போதும். அதன் நெடுஞ்சங்கிலியில் ஹைட்ரஜன் ஏந்திய கார்பனும் ஃபுளூரின் ஏந்திய கார்பனும் மாறிமாறி வருகின்றன. ஃபுளூரின் எலெக்ட்ரான்களைத் தன்பால் இழுத்துக்கொள்வதால் அப்பக்கம் எதிர்மின் சாயலும் ஹைட்ரஜன் பக்கம் நேர்மின் சாயலும் பெற்று, சங்கிலிக்குக் குறுக்கே இருமுனை, அதாவது எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட இணை, உருவாகிறது. சங்கிலிகள் நிமிர்ந்து அடுக்கமைந்த படிகத்தில் வலிய மின்புலத்தைச் செலுத்தினால் இருமுனைகள் ஒரே திசைக்குத் திரும்பி, புலத்தை நீக்கிய பின்னும் அவ்வாறே நிற்கின்றன. எதிர்ப்புலம் தந்தால் மறுதிசைக்குத் திரும்புகின்றன. ஒரு திசை சுழியம், மறுதிசை ஒன்று. ஃபெர்ரோ மின்தன்மை எனப்படும் இவ்வியல்பு நினைவகம் அல்லவென்றால் வேறு எது நினைவகம்?

இப்பாலிமரின் அழுத்தமின் இயல்பை, அதாவது அழுத்தினால் மின்னேற்றம் தோன்றுவதை, ஜப்பானியரான ஹெய்ஜி கவாய் வெளியிட்டது 1969-இல். தூண்டில் நரம்பாகவும் லித்தியம் மின்கலத்தின் உள்ளே ஒட்டுப்பொருளாகவும் அது உலகெங்கும் புழங்குகிறது. ஆயினும் அதன் நினைவுத்திறன் மட்டும் மேடைப் பேச்சாளர்களின் கண்ணில் படுவதில்லை. இருமுனைகளைத் திருப்ப மீட்டருக்கு ஏறத்தாழ 5 கோடி வோல்ட் தேவை என்று மிரட்டுவோர், 100 நானோமீட்டர் தடிமனுள்ள படலத்தில் அது 5 வோல்ட்டே என்னும் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. ட்ரைஃபுளூரோ எத்திலீனைச் சேர்த்துச் செய்த இணைபாலிமரின் கரைசலைச் சுழலும் தகட்டில் விட்டுப் படலமாக்கி, 140 டிகிரி செல்சியஸ் அளவில் பதப்படுத்தினால், சங்கிலிகளை நிமிர்த்த இழுத்து நீட்டும் வேலைகூட இல்லாமல் வேண்டிய படிகம் அமைந்துவிடுகிறது. சிலிக்கானுக்கோ ஆயிரம் டிகிரியை எட்டும் உலைகள் வேண்டும்.

வேறு சான்றுகளும் உண்டு. மின்கடத்தும் பாலிமரை உருகியாகக் கொண்டு, ஒருமுறை எழுதிப் பலமுறை படிக்கும் நினைவகம் 2003-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. சிலிக்கான் நினைவகத்தின் நுண்கோடுகளுமே ஒளியுணர் பாலிமர்ப் படலத்தின் வழியாகத்தான் வரையப்படுகின்றன. பாலிமரை இகழ்வோர் போற்றும் சில்லே பாலிமரின் தயவில் பிறக்கிறது.

குற்றம் பாடத்திட்டத்தில் தொடங்குகிறது. கடத்தும் பாலிமர்களுக்காக ஹீகர், மெக்டயார்மிட், ஷிராகாவா மூவரும் 2000-இல் நோபல் பரிசு பெற்ற பின்னும், பாலிமர்ப் பாடம் குழாய், நைலான், பை என்பதோடு முடிந்துவிடுகிறது. பிளாஸ்டிக் பையின் மீதுள்ள நியாயமான கோபம் பாலிமர் அறிவியல் முழுவதன் மீதும் பாய்கிறது. வேதியியல் துறையும் மின்னணுவியல் துறையும் ஒரே வளாகத்தில் இருந்தும் ஒன்றன் ஆய்வகத்துக்குள் மற்றது நுழைவதில்லை. இவ்விரு துறையினரும் கூடி, பாலிவினைலிடீன் ஃபுளூரைடு படலம் ஒன்றை மாணவர் கையில் தந்து, மின்புலம் ஏறி இறங்கும்போது அது வரையும் தயக்கக் கண்ணியை, அதாவது புலத்துக்குப் பின்தங்கி மாறும் மின்முனைவின் வளைகோட்டை, அவர்களே அளந்து பார்க்கச் செய்ய வேண்டும்.