ஒரு ரூபாய் கட்டினால் எம்.பி.யின் தேர்தல் கணக்கைப் பார்க்கலாம்! சபையில் போட்ட ஓட்டைப் பார்க்க முடியுமா?

புதுச்சேரி விழுப்புரம் ரோட்டில் உள்ள மூலக்குளத்தில் எந்தக் கட்சிக் கொடி எங்கே பறக்கிறது என்பது சின்னப் பையனுக்கும் தெரியும். ஆனால் இந்த ஊர் ஜனங்கள் ஓட்டுப் போட்டு டெல்லிக்கு அனுப்பிய எம்.பி., பாராளுமன்றத்தில் எந்தச் சட்டத்துக்குக் கை தூக்கினார் என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்களே முழிப்பார்கள்!

அது ஜனங்கள் குற்றம் அல்ல. ஒரு எம்.பி.யைப் பற்றி ஓட்டர் கேட்க வேண்டிய கேள்வி மூன்றுதான். ஆள் யார்? தேர்தலுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? டெல்லியில் எப்படி ஓட்டுப் போட்டார்? முதல் கேள்விக்கு முழுப் பதில் கிடைக்கும். இரண்டாவதற்குப் பாதிப் பதில். மூன்றாவதற்குப் பெரும்பாலும் பதிலே கிடையாது.

ஆள் யார்?

புதுச்சேரிக்கு மக்களவையில் ஒரே ஒரு இடம். காரைக்கால், மாகி, ஏனாம் உள்பட 30 சட்டசபைத் தொகுதிக்கும் அவர் ஒருவர்தான். 2024 தேர்தலில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டர்கள் இருந்தார்கள். பேச்சுக்குத் தமிழ், மலையாளம், தெலுங்கு. ஆனால் டெல்லியில் ஒரே நாற்காலி!

அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1971-ல் ஜெயித்தவர் மோகன் குமாரமங்கலம். லண்டனில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்தவர். கம்யூனிஸ்டாக இருந்து காங்கிரசுக்கு வந்து, இந்திரா காந்தி மந்திரிசபையில் உருக்கு மந்திரி ஆனவர். 1973 மே 31-ந்தேதி டெல்லி அருகே நடந்த விமான விபத்தில் இறந்தார். 1974 இடைத்தேர்தலில் அ.தி.மு.க.வின் அரவிந்த பாலா பழனூர் வந்தார்.

பிறகு ப.சண்முகம் 3 தடவை, பரூக் மரைக்காயர் 3 தடவை. இருவருமே முதல்-மந்திரி நாற்காலியையும் பார்த்தவர்கள். 2009-ல் எம்.பி.யான நாராயணசாமி 2016-ல் முதல்-மந்திரி ஆனார். வைத்திலிங்கம் கதை தலைகீழ். 2 தடவை முதல்-மந்திரி, அப்புறம் சபாநாயகர், அதன் பிறகு 2019-லும் 2024-லும் எம்.பி. இவருடைய அப்பா வெங்கடசுப்பா ரெட்டியாரும் முதல்-மந்திரியாக இருந்தவர்தான். 2024-ல் பா.ஜ.க.வின் நமச்சிவாயத்தை 1 லட்சத்து 36 ஆயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் தோற்கடித்தார்.

ஆக, ஆள் யார் என்பதில் ரகசியம் இல்லை. 2003-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்ட பிறகு சொத்து, கடன், படிப்பு, கிரிமினல் வழக்கு எல்லாவற்றையும் வேட்பாளர் பிரமாணப் பத்திரத்தில் எழுதித்தான் தீர வேண்டும்.

பணம் எங்கே?

2024 தேர்தலில் புதுச்சேரியில் ஒரு வேட்பாளர் ரூ.75 லட்சம் வரை செலவு செய்யலாம் என்று உச்சவரம்பு. டீ, வடை, பிரியாணி, நாற்காலி, ஷாமியானா என்று ஒவ்வொன்றுக்கும் தேர்தல் அதிகாரிகள் விலைப்பட்டியல் போட்டு கணக்கில் ஏற்றுவார்கள். ரிசல்ட் வந்த 30 நாளுக்குள் வேட்பாளர் கணக்கு கொடுக்க வேண்டும். சரியான காரணம் இல்லாமல் கொடுக்கத் தவறினால் 3 வருஷம் தேர்தலில் நிற்கத் தடை வரலாம்.

அந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கட்டணம் எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு ரூபாய்! 1961-ம் வருஷத்து தேர்தல் நடத்தும் விதிகளிலேயே இது இருக்கிறது. பந்தல் போட்ட கடைக்காரர், தன்னுடைய பில் அதில் ஏறியிருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

ஆனால் ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. வேட்பாளருக்குத்தான் உச்சவரம்பு, கட்சிக்குக் கிடையாது! நட்சத்திரப் பேச்சாளர்கள் பறந்து வரும் விமானச் செலவும் வேட்பாளர் கணக்கில் ஏறாது. கட்சிக்கு வரும் நன்கொடையில் 20 ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்தவர் பெயரைத்தான் தேர்தல் கமிஷனுக்குச் சொல்ல வேண்டும். 2018-ல் தேர்தல் பத்திரம் என்று ஒன்று வந்து அந்தப் பெயரையும் மறைத்தது. 2024 பிப்ரவரி 15-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு அதைச் செல்லாது என்று தூக்கிப் போட்டது. பட்டியல் வெளியே வந்தபோதுதான், 2019 ஏப்ரல் முதல் 12 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் கைமாறியது ஊருக்குத் தெரிந்தது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பெரிய கட்சிகள் பலவும் வாங்கியிருந்தன.

ஓட்டு என்னவாயிற்று?

இதுதான் பெரிய கேள்வி. பாராளுமன்றத்தில் பெரும்பாலான சட்டங்கள் குரல் ஓட்டில் நிறைவேறுகின்றன. "ஆம்" என்போர் சத்தம், "இல்லை" என்போர் சத்தம், அதோடு சரி! யாராவது எழுந்து ஓட்டெடுப்பு கேட்டு, அது நடந்தால்தான் பெயர் வாரியாகப் பதிவாகும்.

2023 செப்டம்பர் 20-ந்தேதி பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் அரசியல் சட்டத் திருத்தம் மக்களவைக்கு வந்தது. திருத்தம் என்பதால் ஓட்டு எண்ணியே ஆக வேண்டும். ஆதரவு 454, எதிர்ப்பு 2. யார் எந்தப் பக்கம் என்று பதிவாகிவிட்டது. அதே ஒதுக்கீட்டைப் புதுச்சேரி சட்டசபைக்குக் கொண்டுவரும் மசோதா டிசம்பர் 12-ந்தேதி வந்தது. நம்மூர் சட்டசபை சமாசாரம்! அது குரல் ஓட்டிலேயே முடிந்தது.

3 வேளாண் சட்டங்களும் அப்படித்தான். 2020-ல் வந்ததும் குரல் ஓட்டு, 2021-ல் ரத்தானதும் குரல் ஓட்டு. நாடே ஒரு வருஷம் கொந்தளித்த விஷயத்தில், எந்த எம்.பி. எப்படி ஓட்டுப் போட்டார் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

"கட்சிக் கொறடா சொன்னபடிதானே போடப்போகிறார், பதிவு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி கொறடா உத்தரவை மீறினால் பதவி போகலாம். வாஸ்தவம்தான். ஆனால் பதிவு இருந்தால், அன்றைக்குச் சபைக்கு வந்தாரா, கழன்று கொண்டாரா என்பதாவது தெரியும். ஊரில் ஒரு பேச்சு, டெல்லியில் ஒரு ஓட்டு என்றால் அதுவும் அம்பலமாகும்.

புதுச்சேரிக்கு இது உயிர் விஷயம். தனி மாநில அந்தஸ்து கேட்டு இங்குள்ள சட்டசபை பல தடவை தீர்மானம் போட்டாயிற்று. கொடுக்கிற அதிகாரம் பாராளுமன்றத்திடம். மக்களவை எம்.பி. காங்கிரஸ், 2021-ல் போட்டியின்றி மாநிலங்களவைக்குப் போன செல்வகணபதி பா.ஜ.க. மேடையில் இரண்டு கட்சியும் புதுச்சேரிக்காகத்தான் பேசும். சபையில் மணி அடித்ததும் யார் எந்தப் பொத்தானை அமுக்குகிறார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

செய்ய வேண்டியது ரொம்ப சுலபம். எந்த மசோதாவானாலும் கடைசியில் பெயர் வாரியாக ஓட்டுப் பதிவாக வேண்டும். சபையில் மின்னணு இயந்திரம் இருக்கிறது. சில நிமிஷ வேலை. கூட்டத்தொடர் முடிந்ததும் எம்.பி. வந்த நாள், கேட்ட கேள்வி, போட்ட ஓட்டு மூன்றையும் தமிழில் அச்சடித்து உழவர்கரை நகராட்சி ஆபீஸ் வாசலில் ஒட்ட வேண்டும். காரைக்காலிலும் தமிழ், மாகியில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு.

சட்டம் மாறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மனசு இருந்தால் எம்.பி.யே நாளைக்கே ஒட்டலாம். அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு மூலக்குளத்துக்கு வருகிறவர்களிடம், எந்தக் கட்சியானாலும் சரி, இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.