ஓராண்டும் ஐந்தாண்டும்

வீடியோ கேம்களைக் குறித்துத் தமிழ்நாட்டு நியாயஸ்தலங்களில் அண்மைக் காலத்தில் நடந்த வாதப் பிரதிவாதங்களில் பெரும்பகுதி சூதாட்டத்தைப் பற்றியதாகவே அமைந்துவிட்டது. பணம் வைத்து ஆடும் இணைய ரம்மியைத் தடுக்க முயன்ற சட்டத்திருத்தத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதென்று தள்ளியதும், அதன் பின் இயற்றப்பட்ட சட்டத்தை 2023 நவம்பரில் பெரும்பாலும் நிலைநிறுத்தியபோதிலும் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளின் அட்டவணையில் சேர்த்தது செல்லாதென்று கூறியதும், 2025-இல் மத்தியச் சட்டமே பணவிளையாட்டுகளுக்குத் தடை விதித்ததும் பத்திரிகைகளில் விரிவாக இடம்பெற்றன. ஆனால் விளையாட்டைச் சிருஷ்டிப்பவருக்கும் அதை உலகுக்கு வெளியிடும் நிறுவனத்துக்கும் இடையில் எழுகின்ற விவகாரம், பெரும்பாலும் நியாயஸ்தலத்தின் வாசற்படியை மிதிக்காமலே, மின்னஞ்சலில் வந்து கையெழுத்தாகித் திரும்பிப் போன ஓர் உடன்படிக்கைக்குள் அடங்கிப்போகிறது. திருச்சிராப்பள்ளியில் வக்கீல் தொழில் நடத்தும் நமக்கு அதிக அக்கறைக்குரியது இந்த இரண்டாவது வகையே என்று கருதுகிறோம்.

துவாக்குடித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்திலும் சுற்றுவட்டாரத்துப் பொறியியல் கல்லூரிகளிலும் பயின்ற இளைஞர் மூவரோ நால்வரோ, பெங்களூருக்குப் போகாமல் உத்தர வீதியிலோ தில்லைநகரிலோ ஒரு மாடியறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, இரவு பகலாக உழைத்து ஒரு விளையாட்டை முக்காற்பங்கு முடித்த நிலையில், அயல்நாட்டு வெளியீட்டாளர் ஒருவர் அனுப்பிய நாற்பது பக்க ஆங்கில ஆவணத்தோடு நம்மில் எவரிடமாவது வந்து நிற்கக்கூடும். அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: கையெழுத்துப் போடலாமா? அக்கேள்விக்கு நாம் சொல்லும் பதிலில் அவர்களுடைய அடுத்த பத்தாண்டு அடங்கியிருக்கிறது.

அவ்வாவணத்தின் அமைப்பு எங்கும் ஏறத்தாழ ஒன்றே. வெளியீட்டாளர் முன்பணத்தை மைல்ஸ்டோன் என்று வழங்கும் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்தின் வேலையையும் தாம் ஏற்றுக்கொண்ட பின்பே தருவார், விற்பனை வருவாயிலிருந்து முதலில் தம் முதலீட்டையும் விளம்பரச் செலவையும் கழித்துக்கொள்வார், எஞ்சியதில் ராயல்டி. இவ்வமைப்பில் எத்தனை இடங்களில் விரிசல் காணக்கூடும் என்பதற்கு உக்ரைன் தேசத்து ஃபிராக்வேர்ஸ் ஸ்டூடியோவுக்கும் பிரெஞ்சு வெளியீட்டாளரான நேகானுக்கும் ‘தி சிங்கிங் சிட்டி’ என்னும் விளையாட்டைக் குறித்து எழுந்த வியாஜ்யத்தைப் போலத் தெளிவான திருஷ்டாந்தம் வேறில்லை. 2019 ஜூனில் அவ்விளையாட்டு வெளிவந்தது. தவணைகள் காலம் கடந்து வந்தன என்றும், ஏறத்தாழ பத்து லட்சம் யூரோ ராயல்டி பாக்கி நிற்கிறதென்றும் குற்றம் சாட்டிய ஸ்டூடியோ 2020-இல் உடன்படிக்கையை முறித்தது. விளையாட்டு தம் முதலீட்டால் உருவானதென்றும், உடன்படிக்கைப்படி ஸ்டூடியோ நடந்துகொள்ள வேண்டுமென்றும் வெளியீட்டாளர் வாதாடினார். பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாண்டு அக்டோபரில், இறுதித் தீர்ப்புவரை உடன்படிக்கை தொடர வேண்டுமென்று இடைக்கால உத்தரவிட்டது. 2021-இல் ஸ்டீம் அங்காடியில் வெளியீட்டாளர் ஏற்றிய பிரதி தங்கள் நிரலை உடைத்து மாற்றியதென்று ஸ்டூடியோ மறுபடியும் முறையிட்டது. வெளியீட்டுரிமை முழுவதும் அதன் கைக்கு மீண்டது 2024 ஜனவரியில். விளையாட்டு வெளிவந்து நாலரை ஆண்டு கழித்து. சிறிய ஸ்டூடியோக்களில் எத்தனை அந்த நாலரை ஆண்டு உயிர் தரித்திருக்கும்?

பிரெஞ்சு நீதிமன்றம் சொன்னதை அப்படியே இங்கே பிரயோகிக்க முடியாது. அதற்கு அவசியமும் இல்லை. நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், கணினி நிரலை இலக்கியப் படைப்பின் வரையறைக்குள் 1984 திருத்தத்தால் சேர்த்துக்கொண்ட சட்டம், உரிமையை மாற்றிக்கொடுக்கும் கர்த்தாவுக்குச் சில பாதுகாப்புகளைத் தானாகவே அளித்திருக்கிறது. 19-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிக்கப்படாவிடில் ஐந்தாண்டே. பரப்பு குறிக்கப்படாவிடில் இந்தியாவுக்குள் மட்டுமே. இவற்றினும் மேலானது நான்காம் உட்பிரிவு: உரிமையைப் பெற்றுக்கொண்டவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிடில், ஆவணத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாதவரை, அம்மாற்றம் காலாவதியானதாகக் கொள்ளப்படும். விளையாட்டை வாங்கி, சந்தை நிலவரம் சரியில்லை என்று அலமாரியில் வைத்துவிடும் வெளியீட்டாளருக்கு எதிராக இதைவிடக் கூரிய ஆயுதம் வேறெந்த தேசத்துச் சட்டத்திலேனும் உண்டா என்று கேட்கத் தோன்றுகிறது.

அந்த ஆயுதத்தை நாமே நம் கட்சிக்காரரின் கையிலிருந்து பறித்துக் கொடுத்துவிடுகிறோம் என்பதுதான் துக்ககரமான விஷயம். ‘19(4) இவ்வுடன்படிக்கைக்குப் பொருந்தாது’ என்னும் ஒற்றை வரி இந்நாளில் ஏறக்குறைய எல்லா மாதிரி ஆவணங்களிலும் அச்சாகியே வருகிறது. சட்டம் அனுமதிக்கும் விலக்கு அது. அதை எழுதுவதில் தவறில்லை. விலை கேளாமல் எழுதிக்கொடுப்பதே தவறு. ஓராண்டு போதாதென்றால் இரண்டாண்டு என்று எழுதலாம். அதற்குள் வெளியிடாவிடில் சோர்ஸ் கோடும் சித்திரங்களும் இசையும் பெயரும் சேர்ந்து திரும்ப வேண்டுமென்றும், பெற்ற முன்பணம் வருங்கால ராயல்டியிலிருந்து மட்டுமே கழிக்கப்பட வேண்டுமென்றும் எழுதலாம். எதிர்காலப் படைப்பின் உரிமை மாற்றம் அப்படைப்பு உருவான பின்பே செயலுக்கு வரும் என்று 18-ஆம் பிரிவு கூறுவதால், அந்தக் காலத்தை எந்நாளிலிருந்து எண்ணுவதென்பதையும் ஆவணத்திலேயே ஐயமற எழுதிவைப்பது உத்தமம்.

19A பிரிவைப் பற்றி நம் வட்டாரத்தில் பேச்சே இல்லை. உரிமையைப் பெற்றவர், கர்த்தாவின் செயலோ தவறோ காரணமாக அன்றி, அதைப் போதிய அளவு பயன்படுத்தவில்லையென்றால் அவ்வுரிமை மாற்றத்தை ரத்துச் செய்யும்படியும், ராயல்டி பாக்கியை வசூலித்துத் தரும்படியும் கர்த்தா முறையிடலாம். பிறிதொரு சந்தர்ப்பத்தில், ஷரத்துகள் கர்த்தாவுக்குக் கொடுமையானவை என்று காணப்பட்டாலும் ரத்துச் செய்யலாம். ஆனால் இந்த இரண்டாவது வகை ரத்து உத்தரவு உரிமை மாற்றிய நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் பிறக்க முடியாது. பதிப்புரிமை வாரியத்தின் கையிலும் பின்னர் மேல்முறையீட்டு வாரியத்தின் கையிலும் இருந்த இவ்வதிகாரம், 2021-ஆம் ஆண்டுத் தீர்ப்பாயச் சீர்திருத்தச் சட்டத்தால் வணிக நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. 2012 திருத்தத்துக்குப் பின் லைசென்ஸுக்கு 19-ஆம் பிரிவு மட்டுமே பொருந்தும், 19A பொருந்தாது. ஆகவே லைசென்ஸ் கொடுப்பதே எப்போதும் பாதுகாப்பானது என்ற பொதுவான உபதேசத்தை யோசியாமல் சொல்லிவிடலாகாது. உடைமை கையில் நிற்கும், ஆனால் இந்த நிவாரணம் போய்விடும். நம் அபிப்பிராயத்தில், ராயல்டி கணக்கையும் தணிக்கை உரிமையையும் முறிவு ஷரத்தையும் செம்மையாக எழுதக்கூடிய வக்கீல் லைசென்ஸையே தேர்ந்தெடுக்க வேண்டும். அவற்றை எழுதிக்கொள்ள வெளியீட்டாளர் சம்மதிக்காத இடத்தில் மட்டும் உரிமை மாற்றத்தைப் பற்றிச் சிந்திக்கலாம்.

விற்கப்படும் பொருள் யாது என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்வது அவசியம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து நம் வீடுகளில் ஆடும் பரமபதத்துக்குக் கர்த்தா யார் என்று எவரும் கேட்டதில்லை. பாம்பும் ஏணியும் காயுருட்டலும் பொதுச் சொத்து. ஒருவர் வரைந்த பலகையின் சித்திரம் மட்டுமே அவருடையது. இதே தத்துவத்தை 2008 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம், கொல்கத்தாவின் அகர்வாலா சகோதரர்கள் உருவாக்கிய ‘ஸ்கிராபுலஸ்’ என்னும் இணையச் சொல்லாட்டம் குறித்து மட்டேல் நிறுவனம் தொடுத்த வழக்கில் பின்பற்றியது: ஸ்கிராபிள் விதிகளிலும் பலகையிலும் பதிப்புரிமைக்கு இடமில்லையென்று கூறி, பெயரின் சாயலைக் குறித்த வணிகச் சின்ன உரிமையில் மட்டும் தடையுத்தரவு அளித்தது. ஆகவே ஸ்டூடியோவின் சொத்து என்பது நிரல், ஓவியம், இசை, வசனம், பெயர் இவையே. இவற்றில் சம்பளம் பெறும் ஊழியர் செய்தது 17-ஆம் பிரிவின்படி முதலாளியுடையது. வெளியாளான ஓவியர் விலை பெறாமல் வரைந்தது, எழுத்து மூலம் மாற்றப்படும் வரை, அவருடையதே. நண்பர் என்ற உரிமையில் காகிதமின்றி வரைந்து வாங்கிய பத்துச் சித்திரங்களால் ஒரு விளையாட்டின் விற்பனையே நின்றுபோகலாம். வெளியீட்டாளரின் இழப்பீட்டு ஷரத்தோ அந்தப் பாரம் முழுவதையும் ஸ்டூடியோவின் தலையில் ஏற்றியிருக்கும்.

இவ்விடத்தில் திருவரங்கத்தையே களமாகக்கொண்டு விளையாட்டு அமைக்க விரும்புவோர்க்கு ஒரு வார்த்தை. பழைய கோபுரங்களில் எவர்க்கும் பதிப்புரிமை இல்லை. 1987-இல் கும்பாபிஷேகம் கண்ட 236 அடி ராஜகோபுரம் கட்டடக்கலைப் படைப்பாகச் சட்டத்தின் வரையறைக்குள் வரக்கூடியது. கட்டடத்தின் ஓவியத்தையும் புகைப்படத்தையும் 52-ஆம் பிரிவு விலக்கியிருக்கிறது; வீரன் உள்ளே நுழைந்து படியேறக்கூடிய முப்பரிமாண உருவம் அச்சலுகைக்குள் அடங்குமா என்பது வாதத்துக்குரியது. அடங்கும் என்பதே நம் கருத்து.

விளையாட்டை இயக்கும் அடிப்படை நிரலான எஞ்சினைப் பிறரிடமிருந்து பெற்றுக் கையாளும் ஸ்டூடியோ அந்த உரிமத்தையும் படிக்க வேண்டும். கனடாவின் சிலிக்கான் நைட்ஸ், எஞ்சின் சரியாக வழங்கப்படவில்லையென்று 2007-இல் எபிக் கேம்ஸ் மேல் வழக்கிட்டு, 2012-இல் தோற்று, 44.5 லட்சம் டாலர் கொடுக்கவும், அந்நிரல் கலந்த விற்காத பிரதிகளை அழிக்கவும் கட்டளை பெற்றது.

புதிய ஊடகங்களைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். கேசட் காலத்து உடன்படிக்கைகள் இணையக் காலத்தில் எவ்வளவு தூரம் நீளும் என்பதே இளையராஜாவுக்கும் இசைப்பதிவு நிறுவனங்களுக்கும் இடையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்காக நடந்துவந்த வழக்குகளின் சாரங்களில் ஒன்று. 2012 திருத்தம், உரிமை மாற்றிய காலத்தில் இல்லாத ஊடகத்துக்கு, வெளிப்படையாகக் குறிப்பிட்டாலன்றி, அம்மாற்றம் செல்லாதென்று விதித்தது. ‘இனித் தோன்றப்போகும் எல்லா ஊடகங்களிலும்’ என்னும் பொதுவான வாசகம் அவ்விதியைத் திருப்தி செய்யுமா என்று எதிர்த்தரப்பைக் கேட்டு, அவ்வாசகத்தை அடித்துவிட்டு ஊடகங்களைப் பெயர் சொல்லி எழுதவைக்க வேண்டும்.

எங்கே வழக்காடுவது என்பது கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். பதிப்புரிமை மீறலுக்கு வாதி வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே பிராது கொடுக்கலாம் என்று 62-ஆம் பிரிவு அனுமதிப்பதால், திருவரங்கத்து ஸ்டூடியோ சொந்த மாவட்டத்திலேயே நியாயம் கேட்கலாம். பாரிஸிலோ சிங்கப்பூரிலோ மத்தியஸ்தம் என்று எழுதிய மறுகணம் இந்த வசதி பெரும்பாலும் பறிபோகிறது. விமானக் கட்டணமே பாக்கி ராயல்டியை விழுங்கிவிடும். மத்தியஸ்தத்தின் இருக்கை இந்தியாவில் இருக்கட்டும் என்று வற்புறுத்துங்கள். மறுத்தால், குறைந்தபட்சம் இடைக்கால நிவாரணத்துக்கு இந்திய நீதிமன்றங்களை விலக்காத வாசகத்தையாவது பெறுங்கள். வணிக நீதிமன்றத்தில் அவசர நிவாரணம் கோராத வழக்குக்கு முன்வழக்குச் சமரசம் கட்டாயம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்திருப்பதும் நினைவிலிருக்கட்டும். ராயல்டிக் கணக்குத் தகராறுகளில் அந்தச் சமரச மேஜை சிறிய ஸ்டூடியோவுக்கு அனுகூலமானதே.

19A பிரிவின்கீழ் வணிக நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்த அன்பர்கள் எவரேனும் இருப்பின், மனுவின் வடிவத்தையும் ஐந்தாண்டுத் தடை எழுப்பப்பட்ட விதத்தையும் எழுதியனுப்பினால், கட்சிக்காரர் பெயர்களை நீக்கி அடுத்த இதழில் வெளியிடுவோம்.