வாடகை வீட்டில் பூஞ்சணம்: நீக்கும் செலவு யாருடையது?

கொங்குப் பகுதி மழைமறைவு நிலம். ஆயினும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில், தளம் கசியும் வீடுகளில் சுவர் ஓதம் ஏறிப் பூஞ்சணம் படர்கிறது. பெருந்துறை சிப்காட் தொழிலாளர் பலர் வாழும் நெருக்கமான வாடகைக் குடியிருப்புகளில் காற்றோட்டக் குறைவு இதனை மிகுவிக்கக்கூடும்.

ஈரமும் பூஞ்சணமும் நிறைந்த வீட்டில் ஆஸ்துமா, இருமல், மூச்சிரைப்பு ஆகியவை மிகுதியாகக் காணப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. காசநோயிலிருந்து மீண்டவர்களின் நுரையீரலில் எஞ்சிய குழிவுகளில் சில வகைப் பூஞ்சைகள் வளரவும் கூடும்.

சட்டம் கூறுவது என்ன?

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. அதன் இரண்டாம் அட்டவணை பழுதுபார்க்கும் பணிகளை இரு தரப்பாருக்கும் பகுத்தளிக்கிறது. கட்டுமானப் பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், தேவைப்படும்போது குழாய்களை மாற்றுதல் ஆகியவை உரிமையாளரைச் சார்ந்தவை. வடிகால் சுத்தம், குழாய்த் திருகு மாற்றுதல் போன்றவை வாடகைதாரரைச் சார்ந்தவை.

பூஞ்சணம் என்ற சொல் அட்டவணையில் இல்லை. எனவே ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதே செலவைத் தீர்மானிக்கும். தளக்கசிவு, சுவர் விரிசல், சுவருக்குள் பழுதான குழாய் எனில் பொறுப்பு உரிமையாளருடையது. அடைபட்ட வடிகால், எந்நேரமும் மூடிய சன்னல், அறைக்குள் ஈரத்துணி உலர்த்துதல் எனில் வாடகைதாரர் பொறுப்பேற்க நேரிடும். இரண்டும் கலந்திருப்பின் செலவைப் பகிர்ந்துகொள்வதே முறை.

கசிவை அடைக்காமல் மேலே சுண்ணாம்பு பூசுவதால் பயனில்லை; பூஞ்சணம் மீண்டும் தோன்றும். ஆகவே வெள்ளையடித்துத் தருவதாகக் கூறினாலும், முதலில் கசிவைச் சீர்செய்யுமாறு கேளுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• ஓதம் ஏறிய இடங்களைத் தேதியுடன் படமெடுத்து வையுங்கள்.
• பழுதை எழுத்து மூலம் உரிமையாளருக்குத் தெரிவித்து, நகலைப் பாதுகாத்து வையுங்கள்.
• உரிமையாளர் தம் கடமையான பழுதுபார்ப்பைச் செய்ய மறுத்தால், அதனை நீங்களே செய்வித்து வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. ரசீது இன்றிக் கழிக்க வேண்டாம். கழிக்கும் முன் சட்ட ஆலோசனை பெறுங்கள்.
• பெண்கள், தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்கு ஈரோடு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக இலவசச் சட்ட உதவி கிடைக்கும். உதவி எண்: 15100.

மருத்துவச் சீட்டு பாதிப்பை எடுத்துக்காட்ட உதவும். செலவு யாருடையது என்பதை அது தீர்மானிக்காது. பேச்சு முடியும்வரை காத்திராமல், நோயாளியை உலர்ந்த, காற்றோட்டமான அறைக்கு மாற்றுங்கள். பூஞ்சணம் சுரண்டும்போது அவர் அருகில் இருத்தல் கூடாது. மூச்சிரைப்பு மிகுந்தால் உடனே அரசு மருத்துவமனையை அணுகுங்கள்.