ரயட் ஆக்ட் படித்தல்

“நேற்று மேலாளர் எனக்கு ரயட் ஆக்டைப் படித்துவிட்டார்” என்று ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னால், அவர் ஏதோ சட்டநூல் வாசிக்கக் கேட்டு வந்தார் என்று நாம் எண்ணிவிடலாகாது. கடுமையாகக் கண்டிக்கப்பட்டார், இனி பொறுக்கமாட்டோம் என்று எச்சரிக்கப்பட்டார் என்பதே பொருள். நம்மவர் ‘வாங்கிக் கட்டிக்கொண்டார்’ என்பர்.

ஆனால் இத்தொடர் பிறந்த இடத்தில் மெய்யாகவே ஒரு சட்டம் வாசிக்கப்பட்டது. இங்கிலாந்தில் முதலாம் ஜார்ஜ் மன்னரின் ஆட்சித் தொடக்கத்தில் கலகங்கள் மலிந்தமையால் பாராளுமன்றம் இயற்றிய இச்சட்டம், 1715 ஆகஸ்டு முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 1967 வரை நீடித்தது. பன்னிரண்டு பேரோ அதற்கு மேற்பட்டோரோ கூடிக் கலகம் விளைவித்தால், மாஜிஸ்திரேட்டு அவர்கள்முன் நின்று, கலைந்து அமைதியாக வீடு செல்லுமாறு மன்னர் பெயரால் ஆணையிடும் வாசகத்தை உரக்கப் படிக்க வேண்டும். இறுதியில் மன்னரைக் கடவுள் காக்க என்னும் வேண்டுதலும் உண்டு. அதை விட்டுவிட்டால் வாசிப்பே செல்லாது! படித்தபின் ஒரு மணி நேரம் அவகாசம். அதற்குமேலும் நின்றவர்க்கு மரண தண்டனை என்பதே தொடக்க காலச் சட்டம். ஆக, அது வசைமாரி அன்று. ஒரு மணி நேரத் தவணை. இன்றைய தொடரில் சினம் மட்டும் தங்கிவிட்டது, தவணையைக் காணோம்.

கத்தோலிக்கராகிய நமக்கு இச்சட்டத்தோடு ஒரு துயரத் தொடர்பும் உண்டு. 1778இல் இங்கிலாந்துக் கத்தோலிக்கருக்குச் சில சலுகைகள் வழங்கப்பட்டன. அவற்றை நீக்கக் கோரி, 1780 ஜூன் 2ஆம் நாள் ஜார்ஜ் கார்டன் பிரபு பெருங்கூட்டத்தை லண்டன் பாராளுமன்றத்துக்கு அழைத்துச் சென்றார். அன்றிரவே சார்தீனிய, பவேரியத் தூதரகங்களின் சிற்றாலயங்கள் தாக்கப்பட்டன. தொடர்ந்த நாள்களில் கத்தோலிக்கர் இல்லங்கள் எரிந்தன. நியூகேட் சிறைச்சாலையும் எரிந்தது. தொண்ணூறை நெருங்கிய முதுபெரும் ஆயர் ரிச்சர்டு சாலனர் நகரைவிட்டு வெளியேறி ஒளிய நேர்ந்தது.

படைவீரர்கள் எங்கே? அருகில்தான் நின்றனர். மாஜிஸ்திரேட்டு படிக்காமல் சுட்டால் தாங்கள் கொலைக் குற்றவாளிகள் ஆவோமோ என்னும் அச்சம் அவர்களுக்கு. மாஜிஸ்திரேட்டுகளுக்கோ படிக்கவே அச்சம். துணிந்து படித்த ஹைடு என்பவரின் வீட்டைக் கூட்டம் சூறையாடிவிட்டது. ஏனையோர் வாய் திறப்பரா? ஜூன் 7ஆம் நாள், வாசிப்புக்குக் காத்திராமல் கலகத்தை அடக்குமாறு மூன்றாம் ஜார்ஜ் மன்னர் படைக்கு ஆணையிட்டார். துப்பாக்கிச் சூட்டில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அப்போது லண்டன் மேயராயிருந்த பிராக்லி கென்னட், சட்டத்தைப் படிக்காமல் கடமை தவறினார் என்று பின்னர் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது.